சூளைக்கு இன்னும் நேற்றுதான்

கொளஞ்சிநாதன் பயந்தவர். வெளியே கிளம்பும்போது கேஸ் சிலிண்டரின் திருகை மூன்று தரம் தொட்டுப் பார்ப்பார். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். "அந்தப் பூட்டுக்கே வலிக்கும் போல இருக்குது, வாங்க" என்பாள் மனைவி பானுமதி. விருத்தாசலத்தில் பீங்கான் சூளை பார்த்த பதினோரு வருஷமும் இந்தப் பயம்தான் அவருக்குச் சோறு போட்டது. அதன் பிறகு துபாய்ப் பக்கம் ஃபுஜைராவில், தரைதட்டிய கப்பல்களில் ஏறி இறங்கிய ஒன்பது வருஷமும் அதே பயம்தான் சோறு போட்டது. அப்படிப்பட்டவர் கைப்பட எழுதிய நோட்டைப் பொய் நோட்டு என்று லண்டனில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பிரபா போனில் கூப்பிட்டு அதைச் சொன்னாள். பிரபா அவருடைய கப்பல் மீட்புக் கம்பெனியின் வக்கீல். பாண்டிச்சேரிப் பெண், துபாயில் ஆபீஸ்.

"அண்ணே, மே பதினாலாம் தேதிப் பக்கத்த எடுத்து வச்சுக்குங்க."

அசல் நோட்டு அவளிடம் இருந்தது. இவரிடம் செராக்ஸ். பக்கத்தைத் தேடி எடுக்க ஒரு நிமிஷம் ஆனது.

"ராத்திரி ரெண்டரை மணி. 'பார்ஜுக்கு எண்ணெய் ஓடுது, 52 டிகிரி'ன்னு எழுதியிருக்கீங்க. சரிங்களா?"

"ஆமாங்க மேடம்."

"அந்தத் தேதியில ரெண்டரை மணிக்குப் பார்ஜுப் படகு அங்க இல்லண்ணே. துறைமுகத்துல எண்ணெய இறக்கிட்டு இருந்திருக்குது. மத்தியானம் மூணு மணிக்குத்தான் கப்பல்கிட்ட திரும்பி வந்திருக்குது. துறைமுக சீலோட பதிவேடு இருக்குது. இந்த மாதிரி நாலு எடம் இன்சூரன்ஸ்காரங்க கண்டுபுடிச்சிருக்காங்க."

கொளஞ்சிநாதன் பக்கத்தின் தலையில் இருந்த தேதியை விரல் வைத்து இன்னொரு தரம் பார்த்தார்.

"இல்லாத பார்ஜுக்கு எப்படி எண்ணெய் ஓடுச்சு, இந்த நோட்டு அப்புறமா வூட்ல உக்காந்து எழுதுனது, ஒதுக்கிடுங்கன்னு கேக்கறாங்க."

"அங்கதான் மேடம் எழுதுனேன். எண்ணெய்க் கறை கூட இருக்குது பாருங்க."

"கறை எனக்குத் தெரியுது. லண்டன்ல கேஸ விசாரிக்கற நடுவருக்குத் தேதிதாண்ணே தெரியும். வியாழக்கிழமை வீடியோவுல உங்கள விசாரிப்பாங்க. அதுக்குள்ள நல்லா யோசிச்சுப் பாருங்க. தேதி கொழம்பிட்டீங்களா?"

யோசித்தார். எத்தனை யோசித்தாலும் அவருக்கு அந்த ராத்திரி பதினாலாம் தேதி ராத்திரிதான். பார்ஜ் பக்கத்தில் நின்றதும் நிஜம்தான். இரண்டும் எப்படி நிஜமாக இருக்க முடியும் என்றுதான் பிடிபடவில்லை. செவ்வாய் விடியும்போது, ஒருவேளை நாம்தான் பொய் எழுதிவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த ஒரு நோட்டின் மேல்தான் எல்லாமே நின்றது. போன மே மாதம், ஓமன் கரையில் ஒரு மீன்பிடி கிராமத்துக்கு நேரே ஏழு மைல் தள்ளி, பழைய இரும்பு ஏற்றி வந்த கப்பல் ஒன்று பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதன் வயிற்றில் எரிஎண்ணெய் மட்டும் அறுநூறு டன். கப்பல் எரிக்கும் எண்ணெய் ஆறினால் தார் மாதிரி இறுகிவிடும், பம்பு இழுக்காது. சுட வைக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் குழாயை ஒட்டினது கருகிப் போகும், நடுவில் கிடப்பது அப்படியே கட்டியாகக் கிடக்கும். மணிக்கு இத்தனை டிகிரி என்று பொறுமையாக ஏற்றி, அரைமணிக்கொரு தரம் பார்த்து எழுத வேண்டும். பீங்கான் சூளையிலும் இதே வேலைதான். செராமிக் டிப்ளமோ படித்தவரைக் கடலுக்கு எடுத்ததே அதற்குத்தான். கம்பெனியில் அவருக்குப் பேர், சூடு பார்க்கிற ஆள்.

இரண்டு இழுவைப் படகும் பதினெட்டு ஆளும் உள்ள சின்ன கம்பெனி அது. முதலாளி கேரளாக்காரர். மழைக்காற்று தொடங்கினால் கப்பல் உடையும் என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய கம்பெனிகள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போன வேலை. இவர்கள் பதினோரு நாள் கப்பலிலேயே தங்கி, எண்ணெயைச் சுட வைத்துச் சுட வைத்து, வாடகைப் பார்ஜில் ஏற்றி அனுப்பினார்கள். பதினெட்டாம் தேதி விடியற்காலை கப்பலின் முதுகு முறிந்தது. ஆளுக்கொரு மிதவைச் சட்டையோடு படகில் குதித்தார்கள். சாயங்காலத்துக்குள் கப்பலும் இரும்பும் தண்ணீருக்குள் போய்விட்டன. பம்பு ஓடிய மணிக்கணக்கு இருந்த கம்ப்யூட்டரும் பதிவேடும் கூடவே போயின. கரையில் ஒரு வாளி எண்ணெய்கூட ஒதுங்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் மறுநாளே வழக்கம்போல வலை போட்டார்கள்.

கடலில் இந்தத் தொழிலுக்கு ஒரு பழைய விதி உண்டு. கப்பலைக் காப்பாற்றினால் அதன் மதிப்பில் ஒரு பங்கு. காப்பாற்ற முடியாவிட்டால் உழைத்தது உழைத்ததுதான், ஒரு பைசா கிடையாது. அது மட்டும் இருந்தால், உடையப்போகிற கப்பல் என்று தெரிந்ததும் எவனும் கிட்டேயே போக மாட்டான், எண்ணெய் பாட்டுக்குக் கரையெல்லாம் பூசிக்கொள்ளும். அதனால் முப்பது முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பு நாடுகள் கூடிப் பேசி இன்னொரு விதி சேர்த்தன. கப்பல் முழுகினாலும் சரி, கடலும் கரையும் கெடாமல் பார்த்தவனுக்கு அவன் செலவும் கூலியும் உண்டு, நியாயம் என்று பட்டால் மேலே கொஞ்சமும் உண்டு. கப்பல்காரர் தர வேண்டும், நடப்பில் அவருடைய இன்சூரன்ஸ் தரும். ஆனால் எத்தனை ஆள், எத்தனை பம்பு, எத்தனை மணி நேரம் என்று காட்டியாக வேண்டும்.

காட்டுவதற்கு மிஞ்சியது கொளஞ்சிநாதனின் சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த நோட்டு ஒன்றுதான். அதுவும் தமிழில். நோட்டை ஒதுக்கிவிட்டால் கம்பெனி அந்த மாதமே மூடிவிடும். ஜனவரியிலிருந்து அரைச் சம்பளத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கிற பதினெட்டுப் பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான். இதெல்லாம் ஒரு பக்கம். பொய்க்கணக்கு எழுதினவன் என்று எழுத்து மூலம் பேர் வாங்கிய ஆளை இனி எந்தக் கப்பலில் சேர்ப்பார்கள்? கொளஞ்சிநாதனுக்கு அதுதான் பெரிய பயம்.

செவ்வாய்க்கிழமை பானுமதி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கெளம்புங்க. கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டு வந்துடலாம்."

மணவாளநல்லூர்க் கோயிலில் அது காலங்காலமாக நடக்கிறது. குறையை மனுவாக எழுதி, கட்டணமும் தூரத்துக்குத் தக்க படிப்பணமும் கட்டி, சாமி காலடியில் வைத்து வாங்கி, காவல் தெய்வம் முனியப்பர் வேலில் கட்டிவிட்டால் மூன்று மாதத்தில் தீர்ப்பு வரும் என்று நம்பிக்கை. திருட்டு, வரப்புத் தகராறு, வராத மாப்பிள்ளை எல்லாம் அங்கே போகும்.

"லண்டன்ல நடக்கற கேஸுக்கு இங்க என்னா பிராது?" என்றார்.

"சாமி பேர வச்சுக்கிட்டு நீங்களே இப்படிப் பேசுனா எப்படி? எதிரி யாருன்னு சொல்லுங்க, எழுதணும்."

"இன்சூரன்ஸ்காரங்க."

"வெலாசம்?"

"லண்டன்னு போடு."

"லண்டன் எத்தன கிலோமீட்டரு?"

"எட்டாயிரம் இருக்கும்."

பானுமதி பேனாவை எடுத்து யோசித்தாள். "படிப்பணம் கிலோமீட்டர் கணக்காச்சே. முனியப்பர் குதிரையில போயித் திரும்பறதுக்குள்ள வியாழக்கிழம முடிஞ்சிடுமேங்க."

அந்த போன் வந்த பிறகு முதல் தரமாக அவருக்குச் சிரிப்பு வந்தது. கோயிலில் சீட்டு எழுதுகிறவரிடம் அவள் இதையும் கேட்டுவிட்டாள். அவர் தலை நிமிராமலே, "உங்க வூடு எங்கம்மா? டவுனா? அதுக்குப் போட்டுக்கறேன். மிச்ச தூரத்த அவர் பாத்துக்குவாரு" என்றார். தாளில் பானுமதி ஒரே வரிதான் எழுதியிருந்தாள். 'என் வூட்டுக்காரர் நோட்டில் பொய் இல்லை, அதை அவர்கள் நம்ப வேண்டும்.'

புதன்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். "வூட்ல தனியா உக்காந்து பூட்ட இழுத்துக்கிட்டு இருக்காதீங்க." செராமிக் பேட்டையில் ஜெரோமின் யூனிட்டில் அவளுக்குப் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை. ஜெரோம் கொளஞ்சிநாதனோடு டிப்ளமோ படித்தவன், சூளையில் அவர் கூட ஷிப்டு மாறினவன். இப்போது அதே யூனிட்டை எடுத்து நடத்துகிறான். ஒரு பக்கம் ஃபியூஸ் கேரியர், ஒரு பக்கம் பொம்மை.

"வாடா மாப்ள. கப்பலத் தூக்கற ஆளு, கரையில நிக்கறதுக்கே தள்ளாடற?" என்றான் ஜெரோம்.

கொளஞ்சிநாதன் நேரே சூளைப் பக்கம் போனார். கேஸ் சூளை அது. நெருப்பை அணைத்து இன்னும் கதவு திறக்கவில்லை, பக்கத்தில் நின்றால் அனல் அடித்தது. கம்பியில் மாட்டியிருந்த தாளைக் கை தானாக எடுத்தது. அரைமணிக்கொரு டிகிரி. காலை ஆறு மணிக்குப் பற்ற வைத்தது, அடுத்த நாள் விடிகாலை நாலு மணிக்கு அணைத்தது, அதற்குப் பிறகு ஆற ஆற இறங்கும் சூடு. கடைசி வரி இன்றைக்குக் காலை ஒன்பதரை. தாளின் தலையில் தேதி பார்த்தார். எட்டு.

"ஜெரோமு, இன்னிக்கு ஒம்பது தானே?"

"ஆமா."

"தாள்ல எட்டுன்னு கெடக்குது?"

"என்னாடா, எல்லாம் மறந்துட்டியா? நீதானே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்த. பத்த வச்ச தேதிதான் கதவு தொறக்கற வரைக்கும். சூளைக்கு இன்னும் நேத்துதான்."

கொளஞ்சிநாதன் அங்கேயே ஒரு பலகை மேல் உட்கார்ந்துவிட்டார். பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த பானுமதி மயக்கமோ என்று தூரிகையோடு எழுந்து வந்தாள். அவர் செராக்ஸை மடியில் விரித்து விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். கப்பலில் அவர் தினமும் காலை ஆறு மணிக்கு ஹீட்டரைப் பற்ற வைத்து ஒரு புதுப் பக்கம் திருப்பினார். மறுநாள் காலை ஆறு வரை அந்தப் பக்கத்துக்கு அதே ஒரு தேதிதான். பதினாலாம் தேதிப் பக்கத்தில் ராத்திரி இரண்டரை மணி என்று இருந்தது உலகத்துக்குப் பதினைந்தாம் தேதி. பார்ஜ் முதல் நாள் மத்தியானம் மூன்று மணிக்கே வந்து நின்றாகிவிட்டது. நாலு இடமும் நள்ளிரவு தாண்டின வரிகள்.

"பொய் இல்ல பானு" என்றார். "தேதிதான் மாறல."

ஜெரோம் விஷயம் முழுக்கக் கேட்டான். "அடப்பாவி, அரபிக் கடல்ல போயும் சூளைதான் பாத்துக்கிட்டு இருந்திருக்க" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "இப்ப சொன்னா, தப்பிக்கக் கட்டுன கதைம்பானே" என்றான்.

அது கொளஞ்சிநாதனுக்கும் தோன்றியிருந்தது. பழைய சூளை நோட்டு ஏதாவது இருந்தால் காட்டலாம். ஆனால் பேட்டையில் பழைய நோட்டெல்லாம் கிழித்துப் பொம்மைக்கு வைத்துச் சுற்றித்தான் அனுப்புவார்கள். ஊரெல்லாம் கொலுவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் அவர் எழுதின டிகிரிகள். மூன்று பேருமாக அலமாரியை இறக்கினார்கள். மத்தியானம் சாப்பிடப் போகாமல் தேடியதில், ஃபியூஸ் கேரியர் வாங்குகிற கம்பெனி ஆள் வருஷா வருஷம் வந்து பார்த்து சீல் போட்ட நோட்டுகள் மட்டும் ஒரு கட்டாகத் தப்பியிருந்தன. சீல் விழுந்ததைக் கிழிக்க ஜெரோமுக்குப் பயம். அதில் ஒன்று கொளஞ்சிநாதன் கையெழுத்து. பதினான்கு வருஷத்துக்கு முந்தினது. பக்கத்துக்கு ஒரு தேதிதான், வரிகள் காலை ஆறிலிருந்து மறுநாள் வரை, ஓரத்தில் ஊதா சீல்.

போட்டோ எடுத்து அனுப்பினதும் பிரபா கூப்பிட்டாள். "அண்ணே, இத நான் அவங்களுக்கு இன்னிக்கே அனுப்பணும். நாளைக்கு நீங்களே சொல்லுங்க. நிதானமா, இருக்கறத மட்டும்."

வியாழக்கிழமை ஜெரோமின் ஆபீஸ் அறையில் உட்கார்ந்தார்கள். பேட்டையில் நெட்டு ஒழுங்காக வருவது அங்கேதான். பானுமதி கேமராவில் படாத மூலையில் நின்றுகொண்டாள். திரையில் நடுவர், நரைத்த தலை, கண்ணாடி. எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவர். பிரபா. மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்து அம்மா.

எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். நள்ளிரவில் நாள் மாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியாதா?

"தெரியுங்க" என்றார் கொளஞ்சிநாதன். "ஆனா சூடு பாதியில நிக்கறப்ப தேதிய மாத்தினா, அடுத்து வர்ற ஆளுக்கு இது எத்தனாவது மணி நேரம்னு புரியாது. பழைய பக்கத்தப் பாக்காம மொதல்லேருந்து ஏத்திடுவான். சூளையில எங்களுக்கு அப்படித்தாங்க பழக்கம். ஒரு தடவ பத்த வச்சா ஒரு தேதி."

"சூளையெண்டால் ரொட்டி சுடுற போறணை மாதிரியோ ஐயா?" என்று கேட்டார் யாழ்ப்பாணத்து அம்மா.

"ரொட்டி இல்லம்மா, பீங்கான் சுடறது."

நடுவர் பழைய நோட்டின் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பார்ஜின் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாலு இடத்தையும் ஒவ்வொன்றாகத் தானே ஒரு நாள் தள்ளி ஒத்துப் பார்த்தார். நாலும் பொருந்தின. பிரபாவின் முகத்தில் லேசான வெளிச்சம்.

எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. பதினாறாம் தேதிப் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். அதில் ராத்திரி மூன்று மணிக்குப் பிறகு ஐந்து மணி வரை டிகிரி இல்லை. எண்ணெய்க் கறைக்குள் ஏதோ ஒரு வார்த்தை, மொழிபெயர்ப்பில் 'படிக்க முடியவில்லை' என்று போட்டிருந்தார்கள். கம்பெனி கேட்ட கணக்கில் அந்த இரண்டு மணி நேரமும் சேர்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் பம்பு ஓடியதா?

கொளஞ்சிநாதனுக்கு அந்த வார்த்தை தெரியும். எழுதினவர் அவர்தானே. கறை என்று சொல்லிவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. திரையில் பிரபா அதே பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது தெரியாது.

"கண்ணசந்துட்டேன்னு எழுதியிருக்குதுங்க" என்றார்.

யாழ்ப்பாணத்து அம்மா அதை மொழிபெயர்த்தார்.

"ஒம்பதாவது நாளுங்க அது. உக்காந்தபடியே தூங்கிட்டேன். ஹீட்டரு நின்னு, பம்பும் நின்னு போச்சு. முழிச்சுப் பாத்தப்ப நாப்பத்தோரு டிகிரி. மறுபடி ஏத்த வேண்டியதாப் போச்சு."

சூளைக்காரன் தூங்கினான் என்பதைவிடப் பெரிய அவமானம் பேட்டையில் கிடையாது. ஜெரோமைத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். நீங்கள் தூங்கியதை வேறு யாராவது பார்த்தார்களா?

"இல்லைங்க."

பிறகு ஏன் எழுதி வைத்தீர்கள்?

இதென்ன கேள்வி என்று பட்டது கொளஞ்சிநாதனுக்கு. "அடுத்த ஆளு நோட்டப் பாத்துத்தாங்க சூடு ஏத்துவாரு. அம்பது இருக்குதுன்னு நெனச்சு வால்வத் தொறந்தா குழா அடைச்சுக்கும். விட்டுப்போனத விட்டுப்போச்சுன்னுதான் எழுதணும். குத்துமதிப்பா ரொப்பி வைக்கக் கூடாது."

அவ்வளவுதான் விசாரணை. திரை அணைந்ததும் ஜெரோம், "தூங்குனியாடா நீ?" என்றான்.

"ரெண்டு மணி நேரம்."

"பதினோரு வருஷத்துல ஒரு நா தூங்குனது இல்ல. கடல் காத்து ஒத்துக்கிச்சு போல" என்று சொல்லிவிட்டு டீ வாங்க ஆள் அனுப்பினான்.

அதன் பிறகு ஆறு வாரம். பூட்டை இழுப்பது நான்கு தரமாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தை ஒப்புக்கொண்டதால் நோட்டு முழுசும் போயிற்றோ என்று ஒரு நாள் நினைப்பார், இல்லை என்று மறுநாள் நினைப்பார். பானுமதி பிராது கட்டிய நாளிலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பிரபாவின் செய்தி வந்தபோது இருவரும் தூங்கிவிட்டிருந்தார்கள். காலையில்தான் பார்த்தார்கள்.

நோட்டை நடுவர் ஏற்றுக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு கேட்டபடி ஒதுக்கவில்லை. பதினோரு நாளுக்கும் ஆட்கூலி, பம்புக்கும் ஹீட்டருக்கும் வாடகை, பார்ஜ் செலவு, கரை கெடாமல் பார்த்ததற்கு மேலே ஒரு பங்கு. அந்த மேல்பங்கு கம்பெனி கேட்டதில் பாதிதான். இரண்டு மணி நேரத்தைக் கழித்திருந்தார்கள். தீர்ப்பில் ஒரு வரியைப் பிரபா தமிழில் எழுதி அனுப்பியிருந்தாள். 'தனக்கு எதிரானதையும் தன் கையால் எழுதி வைத்த நோட்டு, மற்றதிலும் நம்பத்தக்கது.' அதற்குக் கீழே, 'அண்ணே, முதலாளி டிக்கெட் போடச் சொல்லிட்டாரு. இனிமே நோட்டுல ரெண்டு தேதி எழுதணுமாம். ஒண்ணு ஊர் தேதி, ஒண்ணு உங்க தேதி.'

கொளஞ்சிநாதன் அதை மூன்று தரம் படித்தார். நான்காவது தரம் பானுமதி போனை வாங்கிப் படித்தாள்.

அன்றைக்கே மணவாளநல்லூர் போனார்கள். பிராது தீர்ந்தால் அதை வாபஸ் வாங்குகிற ராஜினாமா எழுதிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு அங்கே நிலுவையில் கிடக்கும். சீட்டு எழுதுகிறவர் அதே ஆள்தான்.

"லண்டன் கேஸா? முடிஞ்சுதா?" என்றார். "என்னிக்கு முடிஞ்சுது?"

பானுமதி புருஷனைப் பார்த்தாள். "ராத்திரி பன்னெண்டே முக்காலுக்கு வந்திருக்குது. நேத்துன்னு போடறதா, இன்னிக்குன்னு போடறதா?"

"ஒரு தேதி சொல்லும்மா. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

"இன்னிக்குன்னே போடுங்க" என்றார் கொளஞ்சிநாதன்.

"ஏங்க, உங்களுக்கு இன்னும் நேத்துதானே?" என்றாள் பானுமதி.

"அதெல்லாம் கதவு தொறக்கற வரைக்கும்தான் பானு" என்று சொல்லி, கட்டணத்தை எடுத்துச் சன்னல் வழியாக நீட்டினார்.